உதவிப் பணம் உண்டு; அழைத்துச் செல்ல ஆள் உண்டா?

தோட்டத்துப் பிள்ளைகள் மேற்படிப்புக்குப் போவதில்லையே என்று வருந்தாத தலைவர் இல்லை; அதைப் பற்றிப் பேசாத மேடையும் இல்லை. ஆண்டுதோறும் எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்தவுடன், பத்துப் பாடத்தில் ‘ஏ’ வாங்கிய பிள்ளைக்கு மாலை விழுகிறது. படம் பிடித்துப் பத்திரிகையில் போடுகிறார்கள். வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஐந்து பாடத்தில் கிரெடிட் வாங்கிவிட்டு, அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யார் போய்ப் பார்க்கிறார்கள்? இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள். மகன் பட்டணத்தில் ஏதோ ஒரு கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருப்பான். மகள் ஒரு பேரங்காடியில் காசு வாங்கிப் போடும் இடத்தில் நின்றுகொண்டிருப்பாள். உழைப்பு எதுவும் இழிவில்லை என்பதைத் தொழிலாளர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் விரும்பி ஏற்ற வேலை வேறு. வழி தெரியாமல் போய் விழுந்த வேலை வேறு.

“பணம் இல்லை, அதனால் படிக்கவில்லை” என்று ஒரு வரியில் இந்தக் கதையை நாம் முடித்துவிடுகிறோம். அது பாதி உண்மை. ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று இந்த நாட்டில் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கடனாகவும், உதவித்தொகையாகவும், உபகாரச் சம்பளமாகவும் அது பல இலாகாக்களில் இருக்கிறது. அந்தப் பணத்துக்கும் நம் லயத்து வீட்டு வாசலுக்கும் நடுவே பாரங்கள், பத்திரங்கள், கெடு நாட்கள், கணினிப் பக்கங்கள் என்று ஒரு நீண்ட வழி கிடக்கிறது. அந்த வழியில் கைபிடித்து அழைத்துச் செல்ல ஆள் இல்லாமல்தான் நம் பிள்ளைகள் பாதியில் திரும்பிவிடுகிறார்கள். அந்த ஆளை நம்முடைய கிளைகள் தர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

முன்னோர் செய்து காட்டியது

சட்டம் இருந்தால் போதும், பலன் தானே வந்து சேரும் என்று நம்புகிறவர்கள் நம்முடைய பழைய கதையை நினைத்துப் பார்க்க வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் நிர்வாகமே பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நல்ல சட்டந்தான். நடந்தது என்ன? பல தோட்டங்களில் ஒரு கொட்டகை எழுந்தது. கங்காணியோ கிராணியோ வாத்தியார் ஆனார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவுடன் பிள்ளை பால்மரத்தடிக்குப் போய்விட்டது. சட்டத்தைப் பற்றிப் பிடித்து, “எங்கே எங்கள் பங்கு?” என்று கேட்க அன்று ஆள் இல்லை.

கேட்கவும் கொடுக்கவும் ஆள் முன்வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். 1950-ஆம் ஆண்டுகளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் தேடித்தர, தமிழவேள் கோ. சாரங்கபாணி “தமிழ் எங்கள் உயிர்” என்ற நிதியைத் திரட்டினார். பல்கலைக்கழகத்தின் வாசலைக் கண்ணால்கூடக் கண்டிராத கூலித் தொழிலாளர்களும் அதற்குக் கொடுத்தார்கள். 1956-இல் இந்திய இயல் துறை அங்கே தொடங்கியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், 1960-இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி என்று தொழிலாளர்கள் கட்டிய பணம் தோட்டங்களையே வாங்கியது. சிதறிக் கிடந்த தொழிற்சங்கங்கள் 1954-இல் ஒன்றாகித் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஒரே தேசியச் சங்கம் அமைந்ததும் இதே தலைமுறையில்தான்.

அந்தத் தலைமுறைக்குப் படிப்பு இல்லை, பணமும் இல்லை. ஆனால் தனித்தனியாக முடியாததைச் சேர்ந்து முடிக்கலாம் என்ற தெளிவு இருந்தது. அந்தத் தெளிவைத்தான் கல்லூரி வாசலுக்கும் கொண்டுபோக வேண்டும் என்கிறோம்.

பணம் எங்கே இருக்கிறது?

முதலில், இருப்பதைத் தெரிந்துகொள்வோம்.

தேசிய உயர்கல்வி நிதிக் கழகம், அதாவது பி.டி.பி.டி.என்., 1997-இல் தொடங்கியது. அரசாங்கக் கல்லூரியானாலும், தகுதி பெற்ற தனியார் கல்லூரியானாலும், இடம் கிடைத்த மலேசியப் பிரஜைகளுக்கு அது கடன் கொடுக்கிறது. ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் சேவைக் கட்டணம். முதல் வகுப்பில் பட்டம் பெறுகிறவர்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடனிலிருந்து விலக்கும் உண்டு. விண்ணப்பம் போடுமுன் எஸ்.எஸ்.பி.என். என்னும் கல்விச் சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்திருக்க வேண்டும். இருபது வெள்ளி இருந்தால் திறந்துவிடலாம். இந்த இருபது வெள்ளிக் கணக்கு வேண்டும் என்று கடைசி வாரத்தில் கேள்விப்பட்டு ஓடுகிற பெற்றோர் எத்தனை பேர்!

கைத்தொழில் படிக்க விரும்புகிறவர்களுக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகம், அதாவது பி.டி.பி.கே., தனியே கடன் தருகிறது. பற்றவைப்பு, மின்சாரம், குளிர்சாதனம், வாகனப் பழுது போன்ற தொழில்களில் மலேசியத் திறன் சான்றிதழ் பெற இது உதவும். பாலிடெக்னிக்குகளிலும் சமுதாயக் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவு. அரசாங்கப் பள்ளியில் ஆறாம் படிவம் படித்து எஸ்.டி.பி.எம். எழுதுவது பல்கலைக்கழகத்துக்கு மிகக் குறைந்த செலவில் போகும் வழி. மெட்ரிகுலேஷன் வகுப்புகளுக்கான இடங்கள் போதவில்லை என்று நம் சமுதாயம் ஆண்டுதோறும் குரல் எழுப்பி வந்திருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் பத்து ‘ஏ’யும் அதற்கு மேலும் வாங்கியவர்களுக்கு இன வேறுபாடு இல்லாமல் இடம் கொடுக்கப்படும் என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது.

உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கு உயர்கல்வி அமைச்சின் தனி உதவி உண்டு. கல்விக் கட்டணத்தோடு மாதம் 300 வெள்ளி படியும் அதில் அடங்கும். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் சமூக நல இலாகா வழங்கும் ஓ.கே.யு. அட்டை கையில் இருக்க வேண்டும். காது கேளாத பிள்ளையை, கால் வளைந்த பிள்ளையை, “நம் தலையெழுத்து” என்று வீட்டோடு வைத்துக்கொண்டு, அட்டைக்கே பதியாமல் விட்டவர்கள் நம்மிடையே உண்டு. அந்தப் பிள்ளைக்குரிய பணம் எடுப்பாரில்லாமல் கிடக்கிறது.

இவற்றோடு, 1984-இல் தொடங்கிய எம்.ஐ.இ.டி. கல்விக் கடன், நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உறுப்பினர் பிள்ளைகளுக்கு வழங்கும் உதவி, இந்தியர் மேம்பாட்டுக்கான மித்ரா பிரிவின் திட்டங்கள், மாநில அரசாங்கங்களின் உதவிகள், கோயில்களும் அறவாரியங்களும் கொடுக்கும் சிறு தொகைகள் எல்லாம் உண்டு. 2018-இல் மித்ரா என்று பெயர் பெற்ற அந்தப் பிரிவுக்கு ஆண்டுக்குப் பத்துக் கோடி வெள்ளி வரை ஒதுக்கப்பட்டு வந்திருக்கிறது. அந்தப் பணம் உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி பல முறை எழுந்தது. அதைக் கேட்பதை நாம் நிறுத்தக்கூடாது. ஆனால் அதே மூச்சில் இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: நம் தோட்டத்திலிருந்து எத்தனை பேர் விண்ணப்பம் போட்டார்கள்?

வழி எங்கே அறுந்துபோகிறது?

பால்வெட்டுக்காரரோ செம்பனைக் குலை அறுப்பவரோ விடியுமுன் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டியவர். பட்டணத்து அலுவலகம் காலையில் திறந்து மாலையில் மூடுகிறது. ஒரு கையெழுத்துக்காகப் போனால் ஒரு நாள் வேலை போச்சு. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இருபத்தாறு வேலை நாளுக்கு வகுத்தால் ஒரு நாள் கூலி ஏறத்தாழ 65 வெள்ளி. பஸ் செலவும் சாப்பாடும் தனி. “அந்தத் தாள் இல்லை, நாளைக்கு வாருங்கள்” என்று முகப்பிலிருக்கும் குமாஸ்தா சாதாரணமாகச் சொல்லும் ஒரு வார்த்தைக்கு விலை இன்னொரு 65 வெள்ளி. மூன்று முறை அலைந்த தகப்பன் நாலாவது முறை போகாமல் நின்றுவிட்டால், அவருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று யார் சொல்லலாம்?

அடுத்தது வருமானச் சான்று. செக்ரோலில் பெயர் உள்ளவருக்குச் சம்பளச் சீட்டு உண்டு. குத்தகைக்காரரிடம் வேலை செய்பவருக்குச் சீட்டு எங்கே? வீட்டு வேலை செய்து பிள்ளையைக் காப்பாற்றும் தாய் எந்தக் கடுதாசியைக் காட்டுவாள்? உண்மையான ஏழைக்குத்தான் தன் ஏழ்மையை எழுத்தில் நிரூபிப்பது கடினமாயிருக்கிறது.

மூன்றாவது, கையொப்பம். பெற்றோர் பிரிந்துபோய்ப் பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் நம் வரிசைகளில் குறைவல்லர். பாரத்தில் தகப்பனார் பெயர், தொழில், வருமானம் என்று மூன்று கட்டம். தகப்பன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாத பிள்ளை அந்தக் கட்டங்களின் முன் பேனாவோடு உட்கார்ந்துவிடுகிறது. சில அறவாரியங்கள் நிலையான வருமானம் உள்ள ஜாமீன்தாரர்களையும் கேட்கின்றன. சொந்தபந்தம் எல்லாம் கூலி வேலையில் இருக்கும் குடும்பத்துக்கு ஜாமீன் போட யார் வருவார்?

நாலாவது, இடைவெளிப் பணம். கடன் அங்கீகாரமாகிக் கைக்கு வருவது கல்லூரியில் பதிந்த பிறகு. ஆனால் பதிவுக் கட்டணம், தங்கும் விடுதி, மெத்தை, பஸ், முதல் மாதச் சாப்பாடு ஆகியவை முதல் நாளே வேண்டும். ரொக்க உதவி பெறும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு பி.டி.பி.டி.என். முன்பணம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. அதைப் பற்றித் தெரிந்து, உரிய நாளுக்குள் கேட்டவருக்கே அது கிடைக்கும். தெரியாதவர் வட்டிக்காரனிடம் போகிறார். அல்லது “அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார். அந்த அடுத்த வருஷம் பெரும்பாலும் வருவதில்லை.

ஐந்தாவது, ஏஜெண்டுகள். வழிகாட்ட நல்லவர் இல்லாத இடத்துக்கு மற்றவர் வந்துவிடுகிறார்கள். பளபளக்கும் அட்டையோடு வந்து, “கடனெல்லாம் நாங்களே வாங்கித் தருகிறோம், கையெழுத்து மட்டும் போடுங்கள்” என்கிறார்கள். அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா, முடித்தால் வேலை உண்டா என்று கேட்கத் தெரியாமல் போட்ட கையெழுத்து, பாதியில் நின்ற படிப்பாகவும் முழுசாக நின்ற கடனாகவும் முடிகிறது. எந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டு என்பதை எம்.கியூ.ஏ. என்னும் மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம். பார்க்க ஐந்து நிமிடம் போதும். பார்க்காமல் விட்டால் பல ஆண்டுகள் கட்ட வேண்டியிருக்கும்.

பத்திரம் இல்லாத பிள்ளை

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது ஒன்று உண்டு. இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் தேசிய கீதம் பாடிய பிள்ளைக்கு நீல அடையாள அட்டை இல்லை. பி.டி.பி.டி.என். கடன் பிரஜைகளுக்கு மட்டும். பொதுப் பல்கலைக்கழக விண்ணப்பமும் அப்படித்தான். உபகாரச் சம்பளங்களிலும் பெரும்பாலானவை அப்படியே. அந்தப் பிள்ளை எத்தனை ‘ஏ’ வாங்கினாலும் முதல் கட்டத்திலேயே கதவு அடைபடுகிறது.

இது எப்படி வந்தது? சிவப்பு அட்டைக்காரர்களின் கதை பழையது. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பிரஜையல்லாதார் வேலை செய்யப் பெர்மிட் வாங்க வேண்டியதாயிற்று. அதை ஒட்டிச் சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டை விட்டே போனார்கள். தங்கியவர்களில் பலர் நிரந்தரவாசிகளாகவே முதுமை அடைந்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாரம் என்றால் பயம். அந்தப் பயத்தின் கூலியைப் பேரப்பிள்ளைகள் கொடுத்தார்கள்.

இன்னொரு காரணம், சொல்லக் கூசினாலும் சொல்லியாக வேண்டியது. 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து, முஸ்லிமல்லாதார் திருமணங்கள் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஊருக்கே சோறு போட்டு நடத்திய கலியாணமானாலும், பதியாவிட்டால் சட்டத்தின் கண்ணுக்கு அது கலியாணம் இல்லை. தகப்பன் பிரஜை, தாய் பிரஜையல்லாதவர், திருமணம் பதியப்படவில்லை என்றால், அரசியல் சட்டத்தின்படி பிள்ளை தாயின் நிலையைத்தான் அடையும். தகப்பன் இந்த நாட்டுக்காரர் என்பது அந்தப் பிள்ளைக்கு உதவாமல் போகிறது. தத்துப் பிள்ளைகளின் நிலையும் பல சமயம் இப்படியே. பிறந்து அறுபது நாளுக்குள் பதிய வேண்டிய பிறப்பை வருஷக்கணக்கில் பதியாமல் விட்டதும் உண்டு.

வழி அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அரசியல் சட்டத்தின் 15ஏ பிரிவு, விசேஷச் சந்தர்ப்பங்களில் குறிப்பிட்ட வயதுக்கு உட்பட்ட எவரையும் பிரஜையாகப் பதிய அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. தோழர்களே, அந்த வயதைக் கவனியுங்கள். எஸ்.பி.எம். எழுதி முடித்த பின் விழித்துக்கொண்டால், கையில் மிகக் குறைந்த காலமே மிச்சம். விண்ணப்பத்துக்குப் பதில் வரவே ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகி அடையாள அட்டை எடுக்கும் ஆண்டிலேயே, அதற்கு முன்பேகூட, பத்திரங்களைச் சரிபார்க்க வேண்டும். ஆவணமற்ற பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதற்கான விதிகள் 2019-இல் தளர்த்தப்பட்டது நல்ல காரியம். பதினொரு ஆண்டு பள்ளியில் இடம் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டாம் ஆண்டு வெளியே நிறுத்துவது என்ன நியாயம் என்பதுதான் நம் கேள்வி.

கிளைகள் என்ன செய்யலாம்?

வேலை மலைபோலத் தெரியும். பிரித்துப் பார்த்தால் அத்தனை பெரிதில்லை.

ஒன்று: ஒவ்வொரு கிளையும் இரண்டு பேரைக் கல்வித் தோழர்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். வீட்டு நிலைமையைத் தாய்மார்கள் மனம்விட்டுச் சொல்வது ஒரு பெண்ணிடந்தான். “பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புவதா?” என்று தயங்கும் வீட்டில் உட்கார்ந்து பேசவும் அவரால்தான் முடியும். கல்லூரியில் படிக்கும் அல்லது படித்து முடித்த தோட்டத்துப் பிள்ளை கிடைத்தால் இன்னும் நல்லது.

இரண்டு: ஒரு பேரேடு. தோட்டத்திலுள்ள பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அதில் இருக்க வேண்டும். பிறப்புப் பத்திரம் உண்டா, அட்டை என்ன நிறம், பெற்றோர் திருமணம் பதியப்பட்டதா, கல்விச் சேமிப்புக் கணக்கு உண்டா என்று நாலே கேள்வி. எந்தப் பிள்ளைக்கு எது இல்லை என்பது ஒரே பார்வையில் தெரியும். இந்தப் பேரேடு ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். ஒரு வீட்டின் கஷ்டம் கடைத்தெருப் பேச்சாகிவிட்டால் அடுத்த வீடு வாய் திறக்காது.

மூன்று: கூட வருவது. இதுதான் தலையாயது. “அங்கே போய்க் கேள்” என்று விலாசம் கொடுப்பது உதவியாகாது. தேசியப் பதிவிலாகாவுக்கும், வங்கிக்கும், கல்லூரிப் பதிவுக்கும் ஒருவர் கூடப் போக வேண்டும். மலாயில் பேசத் தயங்கும் தாய்க்கு அவர் வாயாக இருப்பார். “நாளைக்கு வா” என்பவரிடம், “எந்தத் தாள் வேண்டும், எழுதிக் கொடுங்கள்” என்று மரியாதையாகவும் உறுதியாகவும் கேட்பார். சம்பளத் தகராறில் தனியாளை நிர்வாகத்தின் முன் நிறுத்தாமல் சங்கம் கூட நிற்பதில்லையா? அதே முறைதான் இது.

நாலு: சுழல் நிதி. நூறு உறுப்பினர் உள்ள கிளையில் ஆளுக்கு மாதம் ஐந்து வெள்ளி என்றால் ஆண்டுக்கு 6,000 வெள்ளி. நாலு பிள்ளைகளுக்குத் தலைக்கு 1,500 வெள்ளி முன்பணம் கொடுக்கலாம். கடன் பணம் கைக்கு வந்ததும் அவர்கள் திருப்பிக் கட்டுவார்கள். அதே பணம் அடுத்த ஆண்டு அடுத்த நாலு பேரை அழைத்துச் செல்லும். கணக்கு மாதந்தோறும் கிளைக் கூட்டத்தில் படிக்கப்பட வேண்டும். கணக்குக் காட்டாத நிதி எவ்வளவு நல்ல நோக்கமுடையதானாலும் நம்மை அழித்துவிடும்.

ஐந்து: பிள்ளையின் கல்லூரிப் பதிவுக்கும் பத்திர வேலைகளுக்கும் ஆண்டுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு வேண்டும் என்பதைக் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும். தோட்ட முதலாளிக்கு அது பெரிய செலவாகாது. தொழிலாளிக்கோ அது ஒரு பிள்ளையின் படிப்பு.

அரசாங்கத்துக்கும் சொல்கிறோம்

சங்கம் தன் பங்கைச் செய்வதால் அரசாங்கத்தின் பொறுப்புத் தீர்ந்துவிடாது. பத்திரமில்லாத இந்தியர்களைப் பதிய 2011-இல் “மைடஃப்தார்” என்ற இயக்கம் நடந்தது. மனம் வைத்தால் இலாகா மக்களைத் தேடி வரும் என்பதற்கு அதுவே சாட்சி. அதை ஒரு வாரத்து விழாவாக விடாமல், வேலை நேரத்துக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையிலும் தோட்டங்களுக்கு வரும் நிரந்தர ஏற்பாடாக்க வேண்டும். 15ஏ பிரிவின்கீழ் பள்ளிப் பிள்ளைகள் போடும் விண்ணப்பங்களுக்கு எஸ்.பி.எம். எழுதுமுன் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். முடிவு வரும்வரை பாலிடெக்னிக்கிலும் சமுதாயக் கல்லூரியிலும் அந்தப் பிள்ளைகள் படிக்க இடமளிக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ரொக்க உதவி கொடுக்கும் அரசாங்கத்துக்கு அக்குடும்பம் ஏழை என்று ஏற்கெனவே தெரியும். அதே குடும்பத்துப் பிள்ளை கல்வி உதவி கேட்கும்போது மறுபடியும் வருமானச் சான்று கேட்டு அலையவைப்பானேன்?

மறுப்புகளுக்கு விடை

“சங்கத்தின் வேலை சம்பளப் பேச்சு, கல்லூரி விஷயம் நமக்கெதற்கு?” என்று சில தோழர்கள் கேட்கலாம். சம்பளம் உயர வேண்டும் என்று ஏன் போராடினோம்? பிள்ளை நம்மைவிட நன்றாக வாழ வேண்டும் என்பதற்காகத்தான். அந்த நோக்கம் கல்லூரி வாசலில் தோற்றுப்போனால், சம்பள உயர்வு கடைக்காரருக்கும் வட்டிக்காரருக்குந்தான் மிச்சம்.

“பெற்றோரே பார்த்துக்கொள்ளட்டும், பொறுப்பில்லாதவர்களை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?” என்பார் சிலர். குடித்துத் திரியும் தகப்பன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தகப்பனைத் தேர்ந்தெடுத்தது பிள்ளையா? யாருமில்லாத பிள்ளைக்குத்தான் நாலு பேர் அதிகம் வேண்டும்.

“கடன் வாங்கிப் படித்து, வேலையும் இல்லாமல் கடனாளியாவதற்குப் படிக்காமலே இருக்கலாம்” என்பது மூன்றாவது வாதம். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு கடன் வாங்கச் சொல்லவில்லை. திருப்பிக் கட்ட வேண்டாத உதவியை முதலில் தேட வேண்டும், அடுத்து, குறைந்த செலவுள்ள அரசாங்க வழி, கடைசியில்தான் கடன். அதுவும் தேவையான அளவுக்கு மட்டும். இந்த வரிசையைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் வேண்டும் என்கிறோம். எல்லாரும் பட்டதாரியாக வேண்டும் என்பதும் நம் வாதமில்லை. கைத்திறன் சான்றிதழோடு வெளிவரும் மின்சாரத் தொழிலாளி நிமிர்ந்து நடப்பான்.

“உறுப்பினரல்லாதார் பிள்ளைகளுக்கும் செய்யலாமா?” என்பது கடைசிக் கேள்வி, கடினமான கேள்வியும் அதுவே. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. நம் மக்களில் பெரும்பகுதியினர் பட்டணத்து ஓரங்களிலுள்ள மலிவு அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். தோட்டத்தில் இருந்தவரை கோயில், பள்ளிக்கூடம், சங்கம் என்று ஏதோ ஒரு கண் அவர்கள்மேல் இருந்தது. அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரருக்கே பெயர் தெரியாது. மிகவும் மறக்கப்பட்ட பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுடைய தாத்தா பாட்டிகள் சங்கத்துக்குச் சந்தா கட்டியவர்கள். வேலைநிறுத்தத்தில் பட்டினி கிடந்தவர்கள். சுழல் நிதிப் பணம் உறுப்பினர் பணமாகையால் அது உறுப்பினர் பிள்ளைகளுக்கே முதலில் என்பது முறை. ஆனால் வழிகாட்டலுக்கும் கூடப் போவதற்கும் சந்தா ரசீது கேட்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. சொல்லிக் கொடுத்த வழி இன்னொருவருக்குச் சொன்னதால் குறைந்துபோவதில்லை.

ஆகவே கிளைச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஓர் அங்கமாகச் சேருங்கள். நீண்ட தீர்மானம் வேண்டாம். இரண்டு கல்வித் தோழர்களின் பெயரும், ஒரு புதுப் பேரேடும் போதும். அந்த வாரமே வீடு வீடாகப் போய் நாலு கேள்வியையும் கேட்டு எழுதுங்கள். பத்திரமில்லாத பிள்ளை ஒன்று இருந்தாலும் அதன் வயதை முதலில் பாருங்கள். வயது வரம்புக்கு எத்தனை மாதம் மிச்சம் என்று கணக்கிடுங்கள். வேலையை அந்தப் பிள்ளையிலிருந்து தொடங்குங்கள்.